நோய்க்கு எது ஊர்?

பாட்ஸ்பியோர்ட்டின் மீன் தொழிற்சாலைகளில் கத்தி பிடித்து நின்ற எம்மவர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டிய பெயர் ஒன்று உண்டு. ஜொனதன் ஹட்சின்சன். பத்தொன்பதாம் நூற்றாண்டு இலண்டனில் பெரும் புகழோடு வாழ்ந்த சத்திரசிகிச்சை நிபுணர். சரியாகப் பதப்படுத்தாத மீனை உண்பதனால்தான் தொழுநோய் வருகிறது என்று நம்பியவர். இந்த நம்பிக்கைக்கு ஆதாரம் தேடி 1901ம் ஆண்டு தென்னாபிரிக்காவுக்குப் போனார். 1902-03 காலத்தில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்தார். 1906ம் ஆண்டு தொழுநோயையும் மீன் உண்பதையும் பற்றி ஒரு தடித்த புத்தகமே எழுதி வெளியிட்டார்.

அவருடைய கணக்கின்படி நோர்வேயின் கரையோர மீனவனும் எங்கள் ஊரில் கருவாட்டுக் குழம்போடு சோறு தின்றவனும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். பரன்ட்ஸ் கடலில் பிடித்த கோட் மீனை நாள் முழுக்க வெட்டிவிட்டு, மாலையில் வீட்டில் அதே மீனைப் புளிவிட்டுக் காய்ச்சிய எம்மவர்களை அவர் கண்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!

சிரிக்கலாம். ஆனால் அவர் எழுப்பிய கேள்வி சிரித்துத் தள்ளக்கூடியதல்ல. இந்த நோய் எங்கிருந்து வந்தது? யார் கொண்டு வந்தார்கள்? ஒவ்வொரு காலத்திலும் இந்தக் கேள்விக்கு ஒரு பதில் கிடைத்தது, பதிலோடு ஒரு மனிதனும் கிடைத்தான். ஹவாய்த் தீவுகளில் தொழுநோய்க்குச் 'சீனர் நோய்' என்றே பெயர் வைத்தார்கள். கரும்புத் தோட்டத்துக்குக் கூலியாக வந்த சீனன்தான் குற்றவாளி. ஐரோப்பாவில், வெப்பமண்டலக் குடியேற்ற நாடுகளிலிருந்து அது திரும்பி வந்துவிடுமென்று அஞ்சினார்கள். இன்று உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலிலும் அது 'புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்'களில் ஒன்று.

கடந்த இருபத்தைந்து ஆண்டுகளாக இந்தக் கேள்விக்குப் பதில் சொல்பவை நோய்க்கிருமியின் மரபணுத் தொகுதியை எழுத்தெழுத்தாக வாசிக்கும் ஆய்வுகூடங்கள். அவை சொல்லும் பதிலில் நாங்கள் பிறந்த மண்ணும் இருக்கிறது, வந்து சேர்ந்த மண்ணும் இருக்கிறது.

*

முதலில் வந்து சேர்ந்த மண்ணைப் பார்ப்போம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மேற்கு ஐரோப்பாவின் பிற நாடுகளில் தொழுநோய் ஏறக்குறைய மறைந்து போயிருந்தது. நோர்வேயில் மட்டும் பெருகிக்கொண்டிருந்தது. அதன் மையம் பேர்கனைச் சூழ்ந்த மேற்குக் கரையோரம். ஈரம் வற்றாத சிறு வீடுகள், ஒரே கட்டிலில் நெருங்கிப் படுக்கும் பிள்ளைகள், கடலும் கல்லு நிலமும் தந்ததைத் தின்று வாழ்ந்த ஏழை மீனவ விவசாயக் குடும்பங்கள். 1856ம் ஆண்டு நோர்வே அரசு தொழுநோயாளர் பதிவேடு ஒன்றைத் தொடங்கியது. ஒரு நோய்க்காக நாடு முழுவதற்குமென வைக்கப்பட்ட முதற் பதிவேடு உலகிலேயே இதுதான் என்பர். பதினைந்து இலட்சம் பேர் கொண்ட நாட்டில் ஏறக்குறைய 2,800 நோயாளர்கள். பின்னர் வந்த ஆண்டுகளையும் சேர்த்தால் அந்தப் பதிவேட்டில் ஏறிய பெயர்கள் 8,000க்கு மேல்.

இந்நோய் பரம்பரையாக வருவது என்பதே அக்காலத்துப் படித்தவர்களின் முடிவு. பேர்கனின் பெரிய வைத்தியர் டானியல்சன், பூக் என்பவரோடு சேர்ந்து 1847ம் ஆண்டு எழுதிய நூல் அதையே சொன்னது. அந்த நூல் ஐரோப்பா முழுவதும் மதிக்கப்பட்டது. நோய் இரத்தத்தில் இருக்கிறதென்றால் குடும்பமே கறைபட்டது என்றுதானே பொருள்?

இதை மறுத்தவர் டானியல்சனின் மருமகன் ஆர்மவர் ஹன்சன். பதிவேட்டைப் புரட்டிய அவருக்கு, நோய் தொற்றிப் பரவுகிறது என்ற எண்ணம் வலுத்தது. 1873ம் ஆண்டு பெப்ரவரியில், நோயாளி ஒருவரின் தோற்கட்டியிலிருந்து எடுத்த திசுவில் கோல் வடிவமான உருவங்களை நுணுக்குக்காட்டியில் கண்டார். மனிதரின் நாட்பட்ட நோயொன்றுக்கு பக்டீரியா ஒன்றைக் காரணமாகக் காட்டிய முதல் நிகழ்ச்சிகளில் இது ஒன்று. ஆக, இன்று வெப்பமண்டல நோய் என்று நாங்கள் படிக்கும் இந்த நோயின் கிருமி, மழையும் குளிரும் ஓயாத பேர்கனில், ஒரு நோர்வேஜியரின் உடலில் கண்டுபிடிக்கப்பட்டது.

இதே ஹன்சன் 1880களின் இறுதியில் அமெரிக்காவுக்குப் போனார். அப்போது நோர்வே, ஏழைகளைக் கப்பலேற்றி அனுப்பிக்கொண்டிருந்த நாடு. போனவர்களில் நூற்றுக்கும் மேற்பட்ட தொழுநோயாளர்களும் இருந்தார்கள். மினசோட்டா, விஸ்கொன்சின், டகோட்டா பண்ணைகளில் அவர்களுடைய பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் ஹன்சன் தேடித் தேடிப் பார்த்தார். அங்கு பிறந்த வழித்தோன்றல்களில் ஒருவரிடமும் அவர் நோயைக் காணவில்லை. நோய் இரத்தத்தில் இருக்குமானால் கடல் கடந்ததும் அது எப்படி நின்றுபோகும்? நல்ல வீடும் தனிக் கட்டிலும் போதிய சாப்பாடும் கிடைத்த இடத்தில் தொற்றுக்கு வழியில்லாமற் போயிற்று. புலம்பெயர்ந்தவன் நோயைக் காவிச் செல்கிறான் என்ற பயத்துக்கு, புலம்பெயர்ந்த நோர்வேஜியர்களின் பேரப்பிள்ளைகளே பதிலாக இருந்தார்கள்.

ஹன்சனைப் புகழ்வதோடு நிறுத்திவிட முடியாது. கிருமியை ஆய்வுகூடத்தில் வளர்க்க அவரால் முடியவில்லை. தொற்று என்பதை நிரூபிக்க, 1879ம் ஆண்டு நவம்பரில், காரி நீல்ஸ்டாட்டர் என்ற பெண்நோயாளியின் கண்ணில் வேறொரு நோயாளியின் கட்டியிலிருந்து எடுத்த பொருளைக் கத்திமுனையால் ஏற்றினார். அவளுக்கு ஏற்கெனவே தொழுநோய் இருந்தது, ஆனால் வேறு வகையானது. அவளிடம் அனுமதி கேட்கவில்லை. விடயம் நீதிமன்றத்துக்குப் போனது. 1880ம் ஆண்டு மே மாதம் ஹன்சன் குற்றவாளியென்று தீர்ப்பாகி, வைத்தியசாலைப் பதவியை இழந்தார். நாட்டின் தலைமைத் தொழுநோய் அதிகாரி என்ற பதவி அவரிடமே இருந்தது. ஆயினும், நூற்று நாற்பது ஆண்டுகளுக்கும் முன்னர் ஒரு ஏழைப் பெண்ணின் உடம்பு அவளுக்குச் சொந்தம் என்று ஒரு நீதிமன்றம் சொன்னது சிறிய காரியமல்ல. காரியின் பெயர் ஹன்சனின் பெயரோடு சேர்ந்தே வரலாற்றில் நிற்கிறது.

*

இனி, நாங்கள் பிறந்த மண்ணின் பக்கம்.

கிருமியின் வழியை அதன் மரபணுக்களில் எப்படி வாசிக்கிறார்கள்? இதைத் தமிழ் வாசகருக்கு விளக்க, எங்கள் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை போதும். அவர் 1887ம் ஆண்டு கலித்தொகையைப் பதிப்பித்தபோது செய்த வேலை என்ன? பல இடங்களிலிருந்து கிடைத்த ஏடுகளை அருகருகே வைத்து ஒப்பிட்டார். ஏடு பெயர்த்து எழுதுபவன் ஒரு எழுத்தைப் பிழையாக எழுதினால், அவனுடைய ஏட்டைப் பார்த்து எழுதியவர்கள் எல்லோரும் அதே பிழையைத் திரும்ப எழுதுவார்கள். ஆகவே ஒரே பாடபேதம் கொண்ட ஏடுகள் ஒரே தாய் ஏட்டின் பிள்ளைகள். பிழைகளை அடுக்கிப் பார்த்தால் எந்த ஏடு எதிலிருந்து வந்தது என்ற வம்சவரிசை புலப்படும்.

பக்டீரியா பிரிந்து பெருகும்போது தன் டி.என்.ஏ.யைப் பெயர்த்து எழுதுகிறது. எப்போதாவது ஒரு எழுத்துப் பிழைக்கிறது. அந்தப் பிழை அதன் சந்ததி முழுவதற்கும் போகிறது. ஒரு நாட்டு நோயாளியிடமிருந்து எடுத்த கிருமியிலும் இன்னொரு நாட்டு நோயாளியின் கிருமியிலும் ஒரே பிழைகள் காணப்பட்டால் இரண்டும் ஒரே கிளையைச் சேர்ந்தவை. எத்தனை பிழைகள் என்று எண்ணினால் எவ்வளவு காலத்துக்கு முன் பிரிந்தன என்பதையும் மதிப்பிடலாம்.

தொழுநோய்க் கிருமியில் இதைச் செய்வது எளிதாக இருக்கவில்லை. ஏனைய பல பக்டீரியாக்கள் அரை மணித்தியாலத்துள் இரட்டிக்க, இது ஒரு முறை இரட்டிப்பதற்கு இரண்டு கிழமை வரை எடுக்கிறது. ஆய்வுகூடக் கண்ணாடித் தட்டில் இன்றுவரை யாராலும் இதை வளர்க்க முடியவில்லை. 1971ம் ஆண்டு அமெரிக்காவில், ஒன்பது பட்டை ஆர்மடில்லோ என்ற ஓடு போர்த்த விலங்கின் உடலில் இது வளரும் என்று கண்டார்கள். அதன் பின்னரே ஆராய்ச்சிக்கு வேண்டிய அளவு கிருமி கிடைத்தது.

2001ம் ஆண்டு பெப்ரவரியில், பாரிஸ் பாஸ்ரர் நிறுவனத்தைச் சேர்ந்த ஸ்ருவேட் கோல் குழுவினரும் இங்கிலாந்தின் சாங்கர் நிலையத்தினரும் தொழுநோய்க் கிருமியின் முழு மரபணுத் தொகுதியையும் 'நேச்சர்' சஞ்சிகையில் வெளியிட்டார்கள். மொத்தம் 32,68,203 எழுத்துக்கள். அவர்கள் வாசித்த கிருமி ஆர்மடில்லோவில் வளர்க்கப்பட்டது. ஆனால் அது முதலில் எடுக்கப்பட்டது தமிழ்நாட்டு நோயாளி ஒருவரின் உடலிலிருந்து. அதனால் அந்தக் கிருமி வகைக்கு 'ரிஎன்' என்று பெயர். தமிழ்நாடு என்பதன் ஆங்கில முதலெழுத்துக்கள் இவை. உலகில் பின்னர் வாசிக்கப்பட்ட தொழுநோய்க் கிருமிகள், கல்லறையிலிருந்து தோண்டியவை உட்பட, இந்தத் தமிழ்நாட்டு ஏட்டின் பக்கத்தில் வைத்தே ஒப்பிடப்படுகின்றன. இது மூல ஏடு என்பதற்காக அல்ல. முதலில் முழுதாக அச்சேறிய ஏடு இது.

அந்த ஏட்டில் கண்டதும் விசித்திரம். அதன் உறவுக் கிருமியான காசநோய்க் கிருமியில் ஏறத்தாழ 4,000 மரபணுக்கள் வேலை செய்கின்றன. இதில் 1,600 அளவில்தான் உயிரோடு இருக்கின்றன. 1,100க்கும் மேற்பட்டவை இடிந்த சுவர்கள் போல வெறும் தடயங்களாக நிற்கின்றன. மனித உடலுக்குள் ஒதுங்கி வாழப் பழகி, தனித்து வாழும் ஆற்றலைச் சிறிது சிறிதாக இழந்துவிட்ட ஒரு உயிர்.

2005ம் ஆண்டு அதே குழு 21 நாடுகளிலிருந்து பெற்ற 175 கிருமி மாதிரிகளை ஒப்பிட்டு நான்கு வகைகளைக் கண்டது. ஆசியாவில் பெரும்பாலும் முதலாம் வகை. ஐரோப்பாவிலும் வட ஆபிரிக்காவிலும் அமெரிக்காக்களிலும் மூன்றாம் வகை. மேற்கு ஆபிரிக்காவிலும் கரிபியன் தீவுகளிலும் நான்காம் வகை. வரைபடத்தைப் பார்த்தவுடனேயே அடிமைக் கப்பல்களின் பாதை தெரிகிறது. கிழக்கு ஆபிரிக்காவிலோ அண்மைக் கிழக்கிலோ தோன்றி, மனிதர் நடந்த வழியே இந்நோய் நடந்திருக்க வேண்டும் என்றார்கள். அதுவரை, அலெக்சாந்தரின் படைகளோடு இந்தியாவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன நோய் என்றே பாடப்புத்தகங்கள் எழுதிவந்தன. நோயைக் கிழக்கின் கணக்கில் எழுதும் வழக்கம் அன்று முதல் ஆட்டங்காணத் தொடங்கியது.

அதோடு முடியவில்லை. 2013ம் ஆண்டு டென்மார்க், சுவீடன், இங்கிலாந்து நாடுகளின் மத்தியகாலக் கல்லறை எலும்புகளிலிருந்து கிருமியின் மரபணுத் தொகுதியை மீட்டெடுத்தார்கள். 2018ம் ஆண்டு மேலும் பத்துப் பழைய தொகுதிகள் வெளியாகின. மத்தியகால ஐரோப்பாவில் ஒரு வகையல்ல, பல கிளைகள் ஒருங்கே இருந்தமை தெரிந்தது. கிருமியின் பூர்வீகம் ஐரோப்பாவாகவோ அதற்கு அண்மையிலோ இருக்கலாம் என்ற வாதமும் எழுந்தது. மறுபுறம், ராஜஸ்தானின் பாலாதலில் கண்டெடுத்த எலும்புக்கூடு ஒன்று நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தியாவில் தொழுநோய் இருந்ததைக் காட்டுகிறது. அமெரிக்காக்களுக்கு ஐரோப்பியரே இந்நோயைக் கொண்டு போனார்கள் என்ற முடிவும் 2025ம் ஆண்டு திருத்தம் கண்டது. 2008ம் ஆண்டு இனங்காணப்பட்ட இரண்டாவது தொழுநோய்க் கிருமி, கொலம்பஸ் காலடி வைப்பதற்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே அங்கு இருந்ததை, கனடாவிலும் ஆர்ஜென்ரீனாவிலும் கிடைத்த பழைய எலும்புகள் காட்டின.

புதிய ஏடு கிடைக்கும்போதெல்லாம் வம்சவரிசை மாறுகிறது. மாறாத ஒரு விடயம் உண்டு. 2009ம் ஆண்டு இந்தியா, தாய்லாந்து, பிறேசில், அமெரிக்கா ஆகிய நான்கு நாட்டுக் கிருமிகளின் முழுத் தொகுதிகளையும் ஒப்பிட்டபோது அவை 99.995 வீதம் ஒன்றாகவே இருந்தன. கண்டங்களால் பிரிந்தவற்றுக்கிடையே இவ்வளவுதான் வேறுபாடு. அந்தச் சொற்ப பாடபேதத்தை வைத்துப் பாதையைக் காணலாம். பழி சுமத்த அது போதாது.

*

அப்படியானால் மூலத்தைத் தேடுவதே வீண்வேலையா? அப்படியும் சொல்ல முடியாது.

2010ம் ஆண்டு ஒக்ரோபரில், பூமியதிர்ச்சியில் நொறுங்கிக் கிடந்த ஹெயிற்றியில் வாந்திபேதி வெடித்தது. நவீன காலத்தில் அந்த நாடு கொலராவைக் கண்டதில்லை. ஆர்ற்றிபொனைற் ஆற்றுப்படுகையில், ஐக்கிய நாடுகள் சபையின் நேபாளப் படையினர் தங்கிய முகாமின் கழிவு ஆற்றில் கலந்ததென்று மக்கள் சொன்னார்கள். அதிகாரிகள் மறுத்தார்கள். 2011ம் ஆண்டு நேபாளத்தில் எடுத்த 24 கிருமிகளின் மரபணுத் தொகுதிகள் ஹெயிற்றியின் கிருமிகளோடு ஒப்பிடப்பட்டன. அவற்றிற் சில ஏறக்குறைய எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தன. இறந்தவர்கள் பத்தாயிரம் பேர் அளவில். ஐ.நா. செயலாளர் நாயகம் பான் கீ மூன் ஹெயிற்றி மக்களிடம் மன்னிப்புக் கேட்க 2016 டிசம்பர் வரை எடுத்தது.

இங்கே கிருமியின் ஊரைக் கண்டது நியாயத்துக்கு உதவியது. ஆனாலும் குற்றம் நேபாளத்தில் பிறந்த கிருமியினதோ, அதைத் தெரியாமற் குடலிற் சுமந்து வந்த ஏழைச் சிப்பாயினதோ அல்ல. கழிவை ஆற்றில் விட்ட நிர்வாகத்தினது. மரபணு பாதையைக் காட்டும். அந்தப் பாதையில் யார் பொறுப்பாக இருந்தார்கள் என்பதை மனிதர்தான் கேட்க வேண்டும். கேள்வி மேலே அதிகாரத்தை நோக்கிப் போனால் அது நீதி. கீழே அகதியையும் கூலியையும் நோக்கிப் போனால் அது பழைய ஹவாய்க் கதை.

இது எங்களுக்குத் தொலைவான விடயமல்ல. நோர்வேக்கு வந்திறங்கும் அகதிக்கு நடக்கும் முதற் காரியங்களில் ஒன்று காசநோய்ப் பரிசோதனை. பரிசோதனை தேவையானது, நோயிருந்தால் சிகிச்சையும் இலவசம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வரிசையில் நின்றவர்களுக்கு, தாங்கள் ஒரு நோயின் ஊரிலிருந்து நோயில்லாத ஊருக்கு வந்தவர்கள் என்ற கூச்சம் இருந்தது. பேர்கனின் பதிவேட்டைப் பற்றி அப்போது யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

நோய் போன வழியில் சட்டமும் போனது என்பதையும் இங்கு சொல்ல வேண்டும். நோர்வே 1877ம் ஆண்டும் 1885ம் ஆண்டும் தொழுநோயாளரை ஒதுக்கிவைக்கும் சட்டங்களை இயற்றியது. 1897ம் ஆண்டு பேர்லினில் கூடிய முதல் அனைத்துலகத் தொழுநோய் மாநாடு, நோர்வேயின் முறையை முன்மாதிரியாகக் காட்டியது. பிரித்தானிய இந்தியாவின் தொழுநோயாளர் சட்டம் 1898ம் ஆண்டு வந்தது, இலங்கையினது 1901ம் ஆண்டு. இலங்கையில் ஒல்லாந்தர் 1708ம் ஆண்டு கட்டிய ஹெந்தளை வைத்தியசாலை ஏற்கெனவே இருந்தது. பின்னர் மட்டக்களப்பு வாவியின் மாந்தீவிலும் நோயாளர்கள் தண்ணீரால் சூழப்பட்டு வாழ்ந்தார்கள். நோர்வேயில் 1885ம் ஆண்டுச் சட்டத்தின் கீழும் நோயாளி தன் வீட்டிலேயே தனியறையில் இருக்க இடமிருந்தது. தனியறை உள்ள வீடு எங்கள் ஏழைகளில் எத்தனை பேருக்கு இருந்தது?

பேர்கனின் பழைய ஸென்ட் யோர்கன் வைத்தியசாலையில் கடைசி இரண்டு நோயாளர்கள் 1946ம் ஆண்டு இறந்தார்கள். மருந்து நோர்வேக்கு வந்து சேருமுன்பே நோய் அங்கு அநேகமாக ஒழிந்திருந்தது. ஒதுக்கி வைத்ததனாலா, வீடும் சாப்பாடும் திருந்தியதனாலா என்று இன்னும் வாதிடுகிறார்கள். எங்கள் பக்கத்தில் 1980கள் முதல் வந்த கூட்டுமருந்துச் சிகிச்சை இலட்சக்கணக்கானவர்களைக் குணப்படுத்தியது. ஆயினும் உலகின் புதிய நோயாளர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இன்னும் இந்தியாவில்தான். அங்கு 1898ம் ஆண்டுச் சட்டம் 2016ம் ஆண்டுதான் நீக்கப்பட்டது. தொழுநோயைக் காட்டி விவாகரத்துக் கேட்கும் உரிமை 2019ம் ஆண்டு வரை சட்டத்தில் இருந்தது. கிருமியை ஆறு மாதத்தில், கூடினால் ஒரு வருடத்தில் ஒழிக்கலாம். சட்டப் புத்தகத்திலிருந்து அவமானத்தை எடுக்க நூற்றுப் பதினெட்டு வருடம் பிடித்தது.

2001ம் ஆண்டு இரண்டு காரியங்கள் நடந்தன. பேர்கனின் தொழுநோய் ஆவணங்களை யுனெஸ்கோ உலக நினைவகப் பதிவேட்டில் சேர்த்தது. அங்கு எண்ணாயிரம் நோர்வே ஏழைகளின் பெயரும் ஊரும் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. அதே ஆண்டில்தான் ரிஎன் வெளியானது. அதில் நோயாளியின் பெயர் இல்லை, இருக்கவும் கூடாது. வைத்திய ஒழுக்கம் அது. ஆனால் அந்த இரண்டு எழுத்துக்களைக் காணும்போது எங்களுக்கு ஒரு கடமை உண்டு. அது ஒரு மாநிலத்தின் சுருக்கம் மட்டுமன்று. கை விரல் மரத்து, உறவினர் ஒதுங்கி, ஏதோ ஒரு வைத்தியசாலையின் வாங்கில் காத்திருந்த ஒரு மனிதர் அதற்குள் இருக்கிறார். நோர்வேயின் கல்லறைகளிலும் தமிழ்நாட்டின் வைத்தியசாலைகளிலும் இருந்தது ஒரே கிருமி என்று இப்போது எழுத்தெழுத்தாகத் தெரிந்துவிட்டது. நீங்கள் எங்கிருந்து இதைக் கொண்டு வந்தீர்கள் என்று யாராவது எம் பிள்ளைகளைக் கேட்டால், பேர்கனுக்கு வழி காட்ட அவர்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.